நீலம் ஏறாத இடங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கூடப் பிறந்த அக்காவுக்குக் கெடு வைத்து எழுதிவிட்டு, ஆய்வகத்தில் உன் ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாய்.

"புது நாடகம் அரங்கேறுவதற்குள் நீயே உங்கள் மேலாளரிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் எழுதுவேன்." இதுதானே உன் வாசகம்? என்னவென்று சொல்ல? என் மூளையைப் படம் எடுத்ததில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன, ஆகவே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றா? அந்தப் படத்தை நானாகத்தான் உன்னிடம் காட்டினேன். மூளையை வெட்டிப் பார்ப்பதே உன் பிழைப்பு. "ஒண்ணும் இல்லக்கா, வயசானா வர்றதுதான்" என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். நீயோ ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உனக்காகப் போட்ட டீ ஆறிப்போகும்வரை வாயே திறக்கவில்லை.

என் வேலை என்னவென்று உனக்கு மறந்துவிட்டதோ என்னவோ, எழுதுகிறேன். மேடைக்கு இடப்பக்கம், திரைக்குப் பின்னால் ஒரு மேசை. அதன்மேல் நாடகப் பிரதி, பார்வையாளர்களுக்குத் தெரியாதபடி எரியும் சின்ன நீல விளக்கு. என் வாயருகே ஒரு மைக். விளக்குக்காரர், ஒலிக்காரர், மேலிருந்து காட்சிகளை இறக்கும் கயிற்றுக்காரர், எல்லோரும் காதில் என் குரலை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். முதலில் "தயார்" என்பேன். விசையில் கையை வைத்துக்கொள்வார்கள். பிறகு "இப்ப" என்பேன். அந்தச் சொல்லில் பொழுது விடியும், மழை கொட்டும், சுவர் இறங்கும். நான் சொல்லாமல் அந்த மேடையில் ஒரு பல்ப் எரியாது. கைதட்டல் நடிகர்களுக்கு. எனக்கு அந்த "இப்ப" போதும். முப்பது வருஷமாகப் போதுமாக இருக்கிறது.

டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு பேச்செல்லாம் பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். ஐந்தையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். போதாதென்று நாடகத்தின் முதல் அங்கத்தை விளக்கு எண்களோடு ஒப்பித்தேன். "போதும்மா, எனக்கு டிக்கெட் வாங்குற செலவு மிச்சம்" என்றார். என் ஞாபகத்தைக் குறை சொல்ல ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். நீ பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்று மயங்கி விழுந்தாயே, எந்தக் கிளை முதலில் உடைந்தது என்பதுவரை நினைவிருக்கிறது.

இனி போன் செய்யாதே. எடுக்க மாட்டேன். சொல்ல இருந்தால் எழுது.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

மரத்தை இழுப்பாய் என்று தெரியும். இடது கிளை. எனக்கும் நினைவிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. மனிதர்கள் சாகும்போது கொடுத்துவிட்டுப் போகும் மூளைகளைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பவன். பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் வேறு. ஆனால் இத்தனை வருஷம் சீவியவனுக்குக் கொஞ்சமாவது தெரியாதா?

எங்களிடம் ஒரு நீலச் சாயம் இருக்கிறது. மூளைக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதி கொண்டுபோகும் இழைகளின் மேலுறையை அது பிடித்துக்கொள்ளும். நல்ல மூளை என்றால் கண்ணாடியில் அடர்ந்த நீலம். பல வருஷம் பிரஷர் இருந்த வயதானவர்களுக்கு, முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகியிருக்கும். ரத்தம் போதாத இடத்தில் அந்த உறை தேய்ந்துவிடும். அங்கே நீலம் ஏறாது, வெளிறி நிற்கும். அங்கங்கே கடுகளவு ஓட்டையும் இருக்கும். உன் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தவை அப்படிப்பட்ட இடங்கள்தான். உயிரோடு எதிரே உட்கார்ந்து "என்னடா பாக்குற" என்று கேட்பவரின் தலைக்குள் அவற்றைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் டீ ஆறியது.

ஞாபகத்தைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் சரி. அதை யாரும் மறுக்கவில்லை. சரக்கு அறை நிறைந்துதான் இருக்கிறது, அங்கிருந்து வரும் சாலைதான் கெட்டிருக்கிறது. கேட்டது வந்து சேரும், ஆனால் நேரமாகும். டாக்டர் இன்னொரு தாளும் கொடுத்தாரே, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொல்லி? அதைப் பாதியில் தள்ளிவிட்டு "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று சொன்னதாக நீதான் சிரித்தாய். அக்கா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறுவது, அந்தத் தாளில் இருப்பதுதான் உன் வேலை. நீ காட்டிய படத்தோடு இருந்த குறிப்பில் டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

உன் வீட்டுக்கு வந்திருந்தபோது கவனித்தேன். படியேறும்போது உன் கால் தரையை விட்டுக் கிளம்ப யோசிக்கிறது. நான் ஒன்று கேட்டு, அடுத்ததும் கேட்ட பிறகு முதல் கேள்விக்குப் பதில் வருகிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

புது நாடகத்தில் மேலிருந்து ஓர் இரும்புப் பாலம் இறங்குகிறது என்று நீயே பெருமையாகச் சொன்னாய். அதன் அடியில் ஆட்கள் நடக்கிறார்கள். அதனால் நான் வைத்த கெடு அப்படியே இருக்கிறது. கோபித்துக்கொள், பரவாயில்லை.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடு. போன நீலம் திரும்பாது. இருக்கிற நீலத்தைக் காப்பாற்றலாம்.

இன்னொன்று. எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் உன்னைத் தெரியும். "என் அக்கா சொன்னாதான் பொழுது விடியும்" என்று நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. நான் எதைப் பிடுங்கப் பார்க்கிறேன் என்று தெரியாமல் இதை எழுதவில்லை.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

மாத்திரை போடுகிறேன். உனக்காக இல்லை. டாக்டர் மரியாதையாகச் சொன்னார், அதற்காக. அம்மாவை இதில் இழுக்காதே. அம்மா அம்மா, நான் நான்.

சாயம், சாலை, சரக்கு என்று நன்றாகத்தான் எழுதுகிறாய். பேசாமல் நாடகம் எழுதியிருக்கலாம், மரமாக நிற்காமல். ஆனால் உன் பருப்பு என்னிடம் வேகாது. ஒத்திகை கச்சிதமாகப் போகிறது. நெட்டை பக்கத்திலேயே நிற்கிறாள். உனக்குத் தெரியுமே, விளக்குப் பிரிவிலிருந்து வந்து பத்து வருஷமாக என் உதவியாக இருப்பவள். அவள் பிள்ளைகளே கல்லூரி முடித்துவிட்டார்கள். இவள் இன்னும் என்னிடம் திட்டு வாங்குகிறாள்.

உன் அறிவியலுக்கு இடமே இல்லாத ஒரு குறை இருக்கிறது. இப்போதைய நடிகர்களுக்கு என்ன அவசரமோ, வசனத்தை மென்று விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்ட பிறகுதான் கதவடியில் வெளிச்சம் வருகிறது. முன்பெல்லாம் ஒரு மூச்சு நின்று வருவார்கள். இயக்குநரிடம் சொன்னேன். "போன வருஷம் மாதிரிதான் பேசுறாங்கக்கா" என்கிறார். அவருக்குக் காது சரியில்லை. இளவயது, எந்நேரமும் எதையாவது மாட்டிக்கொண்டு கேட்கிறார்.

நீ மூன்று முறை போன் செய்ததைப் பார்த்தேன். எடுக்காததற்குக் கோபம் மட்டும்தான் காரணம். வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

நடிகர்கள் வேகமாகப் பேசவில்லை.

இந்த ஒரு வரிக்காக நாலு தாள் கிழித்தேன். இதற்கு மேல் நயமாக எழுத வரவில்லை.

ஒன்று செய்வாயா? நீ யாருடைய வேலையிலும் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துவிடுபவள். ஒரு வாரம் உன்னையே வேறு யாரோ போல நினைத்துக்கொண்டு பார். நெட்டையிடம் கேட்காதே. அவள் உன்மேல் உள்ள பிரியத்தில் பூசி மெழுகுவாள். நீயே பார். எங்கே நேரமாகிறது, எங்கே ஆகவில்லை என்று பார். ஒன்றும் இல்லை என்று தோன்றினால் அப்படியே எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீ பொய் எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதனால் எனக்கு எத்தனை அடி விழுந்திருக்கிறது.

மாதக் கடைசிவரை யாருக்கும் எழுத மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

நீ மேலாளருக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. நானே சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதைக் கேள். கடிதம் என்பதால் இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல உனக்கு வழியில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

நீ சொன்னபடி ஒரு வாரம் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். என்னைப் போல் ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு "இப்ப"வையும் ஒரு நூல் பிந்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்குக்காரர் அவளுக்காகக் கொஞ்சம் முந்திக்கொண்டிருந்தார். ஒலிக்காரரும்தான். எல்லோரும் கூடி என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். உன்மேல் வந்த கோபத்தைவிட அவர்கள்மேல் அதிகமாக வந்தது. அதை எழுதலாம் என்று தாளை எடுத்த வாரத்தில்தான் அந்தப் பகல் ஒத்திகை.

பாலம் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் நகைச்சுவை நடிகர், அந்தக் காட்சியில் தலையில் உயரமான தொப்பி. அவர் வெளியேறியிருக்க வேண்டும். கால் தடுக்கி, கீழே விழுந்த கைத்தடியை எடுக்கக் குனிந்தார். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லவே முடியாது. "நிறுத்து" என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. சொல் கிளம்பவில்லை. உன் சாலையில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. நெட்டை என் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, கயிற்றைப் பூட்டி நிறுத்தும் சிவப்பு விசையை அடித்தாள். பாலம் நின்றபோது தொப்பியின் உச்சி நசுங்கியிருந்தது. தொப்பி மட்டும்தான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா எனக்கு வசனமே மிச்சம் இருந்திருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இயக்குநர் நல்ல பிள்ளை. உடனே எனக்கொரு வழி திறந்துவிட்டார். "கயிறு கொஞ்சம் வழுக்கியிருக்கும், பாத்துக்கலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கயிற்றுக்காரர் மட்டும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் என் குரலுக்கு இருபது வருஷம் கயிறு பிடித்தவர். ஒரு தடவைகூட வழுக்க விட்டதில்லை.

நான் எழுந்து மேடைக்கு நடுவில் போய் நின்றேன். நடிகர்கள் நிற்கும் இடத்தில் நான் நின்றதே இல்லை, கண் கூசியது. சொன்னேன்: "கயிறு வழுக்கல. அவர் கையில தப்பு இல்ல. நான் 'நிறுத்து'ன்னு சொல்லணும், சொல்லல. சொல்ல வரல. எனக்கு மூளையில ரத்தம் போற வழி அங்கங்க அடைஞ்சிருக்கு. டாக்டர் சொன்னாரு, என் தம்பி சொன்னான், நான்தான் கேக்கல."

நீட்டி முழக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரம் எடுத்தது. யாரும் எனக்காக முடித்துவைக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு நன்றி.

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஒரு பாராட்டு விழா வச்சுக் கௌரவமா அனுப்பிடுறோம்மா" என்றார். "விழாவுக்கு விளக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டேன். அவருக்குப் பதில் வர என்னைவிட நேரமானது.

இப்போது கேள். அந்த ஒரு வாரம் பார்த்ததில் இன்னொன்றும் கண்டேன். "இப்ப" பிந்தியதே தவிர, என் "தயார்" ஒருமுறைகூடப் பிந்தவில்லை. "இப்ப" என்பதை எதிரே நடப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்தக் கணத்திலேயே. "தயார்" அப்படி இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது, அதற்கு யார் யார் கையை எங்கே வைக்க வேண்டும் என்று முழு நாடகத்தையும் தலையில் வைத்திருப்பவள் முன்கூட்டியே சொல்வது அது. நீதான் எழுதினாய், சரக்கு அறை நிறைந்திருக்கிறது என்று. அங்கிருந்து நிதானமாகக் கொண்டுவர எனக்கு நேரம் இருக்கிறது. ஆகவே மேலாளரிடம் சொன்னேன்: "தயார்" என்னுடையது. "இப்ப" நெட்டையுடையது. சிவப்பு விசையும் அவள் கையில்.

நெட்டை அழப் பார்த்தாள். "ஒரு மேசைக்கு ரெண்டு பேராக்கா? இப்படி எங்கயும் கிடையாது" என்றாள். "இங்க உண்டு. நாற்காலி ரெண்டு போடச் சொல்லு" என்றேன்.

ஒத்திகையில் வைத்துப் பார்க்கிறார்கள். சரியாக வரவில்லையென்றால் அரங்கேற்றத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானே பார்த்துக்கொள்வேன், பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

உன்மேல் கோபம் முழுவதும் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது.

அக்கா

மே 16

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை பகல் காட்சிக்கு வந்திருந்தேன். சொல்லாமல் வந்தேன். பாதிக் கோபத்தோடு நீ என்னைப் பார்த்தால் உன் "தயார்" பிந்திவிடுமோ என்று பயம்.

இடப்பக்க ஓரத்து இருக்கை கேட்டு வாங்கினேன். திரை கொஞ்சம் விலகும்போதெல்லாம் அந்த நீல விளக்கும் இரண்டு தலைகளும் தெரிந்தன. பாலம் வரும் காட்சியில் நான் மேடையைப் பார்க்கவே இல்லை. உன் உதடு அசைந்தது. ஒரு மூச்சு கழித்து நெட்டையின் உதடு அசைந்தது. பாலம் இறங்கியது. அந்த நகைச்சுவை நடிகர், புதுத் தொப்பியோடு, சாவகாசமாக வெளியே போனார். அரங்கமே கைதட்டியது. பக்கத்து இருக்கைக்காரரிடம் "அது என் அக்கா" என்றேன். அவர் மேடையில் யாரென்று தேடினார். விளக்கிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். பிறகு பொறுக்காமல் இடைவேளையில் அவரைப் பிடித்து முழுவதும் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் யாரையும் வேலை செய்ய விடவில்லை. நீலமே ஏறாத இடங்களை வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு முழு நாடகத்தை நடத்துகிறாள் என்றேன். எங்கள் மருத்துவர், நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுபவர், கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கண்ணாடித் தகட்டுல அவங்க எவ்வளவு இழந்தாங்கன்னுதான் தெரியும். மிச்சத்தை வச்சு என்ன பண்ணாங்கன்னு தெரியாது. அதை யாராவது எழுதி அனுப்பணும்." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் சீவாத ஒரு மூளைக்காக நான் பெருமைப்பட்டது இதுவே முதல் முறை.

இன்னொரு சேதி. சொல்லாமல் இருக்கலாம், ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு அது அழகில்லை. உனக்குக் கெடு வைத்தவன் தன் தலையைப் பார்த்துக்கொள்ளவே இல்லையே என்று உறுத்தியது. எனக்கும் பிரஷர்தானே. போன வாரம் படம் எடுத்தேன். எனக்கும் இருக்கிறது அக்கா. உன்னைவிடக் கொஞ்சம் குறைவு. அம்மா எதைப் பிரித்தாலும் பெரிய பங்கு உனக்குத்தான், இதிலும் மாறவில்லை. சீவும் கத்தியை இப்போதைக்குக் கையில் வைத்திருக்கிறேன். எப்போது கீழே வைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும். நயமாகச் சொல்லாத ஆளாக இருந்தால் நல்லது.

தம்பி

மே 30

தம்பிக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு அழுதேன். இப்போதெல்லாம் கண்ணீர் கேட்காமல் வந்துவிடுகிறது, விளம்பரம் பார்த்தால்கூட. அதுவும் அந்த வெளிறிய இடங்கள் செய்யும் வேலை என்று நீ சொல்வாய். இது அது இல்லை.

ஓரத்து இருக்கையில் உன்னைப் பார்த்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படித் தெரியாமல் போகும்? அப்படியும் என் "தயார்" பிந்தவில்லை. அதை உன் ஆய்வகத்தில் சொல்.

உனக்கு ஆள் நான்தான். மாத்திரையை விழுங்கு, தினமும் நட, எண்ணும் எழுத்தும் உள்ள அந்தத் தாளை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பாதியில் தள்ளாமல் போட்டு முடி. முடிவை எனக்கு எழுது. கத்தி தடுமாறத் தொடங்கினால் மறைக்காதே. நான் மேடைக்கு நடுவில் நின்று சொன்னேன், உன்னால் ஒரு மேசைக்கு முன் நின்று சொல்ல முடியாதா?

உங்கள் ஆய்வகத்துக்கு என் மூளையைக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பதறாதே, இன்றைக்கே இல்லை. எனக்கு இன்னும் நாடகங்கள் இருக்கின்றன. நீ சீவ வேண்டாம், உறவினர்கள் தொடக்கூடாது என்று உங்கள் விதியிலேயே இருக்கிறதாம், நல்ல விதி. சீவுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவை. நீலம் ஏறாத இடங்களைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. கூடவே போகும் காகிதத்தில் வயதையும் நோயையும் மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. இந்த மூளை சொல்லித்தான் பொழுது விடிந்தது என்று எழுதச் சொல்.

கடைசியாக ஒன்று. போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ ஒன்று கேட்டால் எனக்குப் பதில் வர நேரமாகிறது. அந்த இடைவெளியில் நீ "அக்கா, லைன்ல இருக்கியா?" என்பாய். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. தாளில் இடைவெளி தெரியாது. மார்ச் மாதம் உன்னைக் காய்ச்சி எடுத்தேனே, அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எத்தனை நாள் பிடித்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

ஆனால் எனக்கு உன் குரலைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பொறு. நடுவில் எதையும் போட்டு நிரப்பாதே. நான் லைனில்தான் இருப்பேன்.

அக்கா